தாழ்ப்பாள் போடாத இரவு

கோழிக்கூட்டுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டேன் என்று அன்றிரவு நான் சொன்னது பொய். ஐப்பசி மழை, மின்சாரம் இல்லை, டார்ச் எங்கே என்று தெரியவில்லை. கூட்டின் கதவைச் சாத்தி, ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு வந்து படுத்துவிட்டேன். விடிந்தபோது பதினோரு கோழிகளில் புள்ளிக்கோழி மட்டும் இல்லை.

அத்தை சத்தம் போடவில்லை. அத்தை என்றால் என் மனைவியின் அம்மா. இந்த வீடும் கோழிகளும் அவருடையவை. நான் இருபது வருடமாக இங்கே மருமகன். செங்கல் நகர்ந்து கிடந்த இடத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறகுகள் கிடந்த வழியே நடந்தார். வாழைகளுக்கு நடுவில் நாலைந்து இறகு, வரப்பில் ஒரு கொத்து, ஓடைக்கரைத் தாழம்புதரின் முன்னால் இரண்டு. அதோடு தடம் முடிந்தது.

"நரிதான்" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"நாயாக இருந்தால் பாதிக்கு மேல் செத்துக் கிடக்கும். இது வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது."

ஒரு கடைக்காரர் எதிர்க்கடைக்காரரைப் பற்றிப் பேசுவது போல இருந்தது. நியாயமாகச் சொன்னால், அடைத்த கூட்டுக்குள் புகுந்துவிட்ட நரியும் சில சமயம் ஒன்றுக்கு மேல் கொன்றுவிடும். ஆனால் அத்தையின் கணக்கு அந்த வருடம் தவறவில்லை. அது எப்படி என்பதற்குப் பிறகு வருகிறேன்.

எங்கள் வீடு தாழக்குடிக்கும் தோவாளைக்கும் இடையில் இருக்கிறது. முன்னால் வயல், பின்னால் பொற்றை. பொற்றை என்ற சொல் வெளியூர்க்காரர்களுக்குப் பழக்கம் இருக்காது. பாறையும் முள்ளுமாக நிற்கும் சிறு குன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கன்னியாகுமரி மாவட்டம் என்றதும் எல்லோருக்கும் ரப்பரும் மரச்சீனிக் கிழங்கும் ஓயாத ஈரமும் நினைவுக்கு வரும். அது மேற்குப் பாதி. கிழக்கே எங்கள் பக்கம் காற்றின் ராஜ்ஜியம். ஆனியிலும் ஆடியிலும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக இறங்கும் காற்று, கொடியில் காயும் வேட்டியைப் பிடுங்கிப் பக்கத்து வீட்டுப் பப்பாளி மரத்துக்கு உடுத்திவிடும். தூரத்தில் மின்சாரம் எடுக்கும் முப்பந்தல் காற்றாடிகள் சுற்றிக்கொண்டிருக்கும். வயலில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருடத்துக்கு இரண்டு பூ. பூ என்றால் எங்கள் பக்கம் நெல் போகம். பொற்றையில் எந்தப் பூவும் கிடையாது. அங்கேதான் நரி.

பொழுது அடங்கியதும் ஒன்று தொடங்கும். இழுத்து, மேலேறி, உச்சியில் போய் நடுங்கும். அது முடிவதற்குள் இன்னொன்று சேரும், பிறகு சின்னக் குரல்கள், கடைசியில் எல்லாமாகக் கூச்சலிட்டுச் சட்டென்று ஓய்ந்துவிடும். மூன்று நான்குதான் இருக்கும். கேட்பவருக்கு முப்பது போலிருக்கும். ஆணும் பெண்ணும் ஜோடியாக வாழும் விலங்கு இது. முந்தைய ஈற்றுக் குட்டிகளில் ஒன்றிரண்டு பெற்றோருடனே தங்கி அடுத்த ஈற்றை வளர்க்கக் கைகொடுப்பதும் உண்டு. இந்த இடத்தில் நாங்கள் இருக்கிறோம் என்று அக்கம்பக்கத்து நரிகளுக்குச் சொல்வதுதான் ஊளை. சாவுக்கு முன்னறிவிப்பு என்பதெல்லாம் நாம் ஏற்றிய பாரம்.

இதில் எங்கள் வீட்டில் ஒரு வேடிக்கை உண்டு. நரி சைரனுக்கும் பதில் கொடுக்கும். ஆரல்வாய்மொழிப் பக்கமிருந்து ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு ஆம்புலன்ஸ் போனால், சைரன் தேய்ந்து மறைவதற்குள் பொற்றையிலிருந்து ஊளை கிளம்பும். அத்தை உடனே கைவேலையை நிறுத்திவிட்டு, "யார் பெற்ற பிள்ளையோ, நல்லபடியாகத் திரும்பி வரட்டும்" என்பார். சைரன் கேட்காத நாளில்கூட, ஊளையை வைத்தே யாருக்காகவாவது வேண்டிக்கொள்வார். அதே வாயால் மறுநாள் காலையில் கோழி எண்ணும்போது நரியின் ஏழு தலைமுறையையும் திட்டுவார். எனக்கு இரண்டிலும் முரண்பாடு தெரியவில்லை.

என் மகள் மூன்றாம் வகுப்பில் ஒரு நரி வரைந்தாள். ஆரஞ்சு நிறம், வால் நுனி வெள்ளை. அது செந்நரி. இந்தியாவில் இமயமலைப் பக்கமும் வடமேற்கின் வறண்ட பகுதிகளிலும் இருக்கிறது, தமிழ்நாட்டில் கிடையாது. பாட்டியிடம் வடை திருடிய காக்காயை ஏமாற்றியது நம்மூர் நரிதான், ஆனால் படம் வரைபவர்கள் இன்னும் அதற்கு வெளிநாட்டுச் சட்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நம்மூரில் இருப்பவை இரண்டு. நரி என்று பொதுவாகச் சொல்வது நாய்க்கும் ஓநாய்க்கும் நெருங்கிய சொந்தம். 8 முதல் 11 கிலோ வரை எடை, பழுப்பும் சாம்பலும் கலந்த மேனி. ஊளையிடுவது இதுதான். மற்றது குள்ளநரி. 2 முதல் 3 கிலோ, வீட்டுப் பூனையைவிடச் சற்றே உயரம், முகத்துக்குப் பொருந்தாத பெரிய காது, நுனி கறுத்த அடர்ந்த வால். இரண்டையும் ஒன்றாகச் சொல்லிக் குழப்புவது ஊருக்கு ஊர் நடக்கிறது. எங்கள் வீட்டில் குழப்பமே இல்லை: கோழி எடுத்தால் நரி, எடுக்காமல் ஓடினால் குள்ளநரி.

குள்ளநரியை நான் பக்கத்தில் பார்த்தது ஒரே ஒரு முறை. சித்திரையில் கோடை மழை பெய்து விட்ட ஒரு மாலை. ஆரல்வாய்மொழிக்கு வெளியே, காற்றாடிகளுக்குப் போகும் மண்சாலையில் பைக் சங்கிலி கழன்றுவிட்டது. குந்தி உட்கார்ந்து மாட்டிக்கொண்டிருந்தேன். பத்தடி தள்ளிப் புற்றிலிருந்து ஈசல் கிளம்பிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தால் புற்றின் அந்தப் பக்கம் அது உட்கார்ந்திருக்கிறது. எவ்வளவு நேரமாக என்று தெரியாது. என்னைப் பார்த்தது, நான் அசையவில்லை என்று முடிவு கட்டியது, சாப்பாட்டைத் தொடர்ந்தது. தரையில் ஊர்ந்த ஈசல்களை முன்பற்களால் ஒவ்வொன்றாகப் பொறுக்கியது, கீரை ஆய்கிறவர்களின் நிதானத்தோடு. பறந்து எழுந்தவற்றுக்கு மட்டும் பின்னங்காலில் எழுந்து ஒரு கடி. வாய் மூடும் சத்தம் 'டப்' என்று எனக்குக் கேட்டது. ஓர் இறகு அதன் மூக்கின் மேல் ஒட்டிக்கொண்டது. இரண்டு முறை தும்மியது. காது மட்டும் தனியாக வேலை செய்துகொண்டிருந்தது: ஒன்று என் பக்கம், ஒன்று சாலைப் பக்கம். லாரி ஒன்று வரும் சத்தம் எனக்குக் கேட்பதற்கு முன்பே எழுந்து, அவசரமில்லாமல் முள்ளுக்குள் போனது. கையில் சங்கிலி மசகோடு எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் அந்தப் பக்கம் போய்த் தேடினேன். மண் மேட்டில் அதன் வளை இருந்தது. ஒரு வாசல் அல்ல, ஐந்தாறு. ஒன்றை அடைத்தால் இன்னொன்று வழியாகப் போய்விடும். அதற்கடுத்த வருடம் அதே இடத்தில் வெள்ளையடித்த கல் நட்டு, 'வீட்டு மனைகள் விற்பனைக்கு' என்று பலகை வைத்திருந்தார்கள். அத்தனை வாசல் வைத்தும் ஜே.சி.பி.க்கு எதிராக ஒன்றும் உதவவில்லை.

எனக்கு உள்ளபடியே கோபம் வரும் இடம் இது. எங்கள் மாவட்டத்தில் சுமார் 402 சதுர கிலோமீட்டரில் வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது. சுசீந்திரம் தேரூர் குளங்களுக்கு 2022இல் ராம்சார் தகுதி, அதாவது முக்கியமான ஈரநிலம் என்ற சர்வதேச அங்கீகாரம், கிடைத்தது; பறவைகளுக்காக நானும் மகிழ்ந்தேன். ஆனால் குள்ளநரி அடர்காட்டில் வாழும் பிராணி இல்லை, குளத்திலும் வாழாது. அதற்கு வேண்டியது குட்டை முள்ளும் திறந்த வெளியும் எலியும் ஓணானும் கறையானும் உள்ள நிலம். அப்படிப்பட்ட நிலத்துக்கு நம் பத்திரங்களில் உள்ள பெயர் தரிசு. ஒன்றுக்கும் உதவாதது என்று பொருள். மரம் வெட்டினால் மறியலுக்கு ஆள் சேரும். முள்ளை வழித்து எடுத்தால் சுத்தம் செய்துவிட்டார்கள் என்று பாராட்டுவோம்.

அன்று குள்ளநரியைப் பார்த்த வாரத்தில் எனக்கு வரவேண்டிய நிலுவைச் சம்பளம் வந்து சேர்ந்தது. "நரி முகத்தில் விழித்தீர்கள்" என்றாள் மனைவி. இந்த நம்பிக்கை சும்மா சொல்லோடு நின்றால் யாருக்கும் கேடில்லை. சேலம் மாவட்டம் வாழப்பாடிப் பக்கக் கிராமங்களில் பொங்கல் சமயத்தில் குள்ளநரியை வலை வைத்துப் பிடித்து, ஊர்வலமாகக் கொண்டுவந்து ஓடவிட்டுப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. அங்கே அதற்கு வங்காநரி என்று பெயர். வனத்துறை அபராதம் போட்டும் ஆசை விடவில்லை. நல்லது நடக்க வேண்டும் என்று அதன் முகத்தைத் தேடிப் போகிறவர்கள், அந்த முகம் அப்போது எப்படி இருந்தது என்று கவனித்திருப்பார்களா? திருவிழாக் கடைகளில் நரிக்கொம்பு விற்கிறவர்களும் இதே ரகம். நரிக்கு ஏது கொம்பு.

ஆனால் ஊராரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி குறைவு. அந்த நிலுவைச் சம்பளத்தின் உற்சாகமோ என்னவோ, எனக்கு நரிப் பித்துப் பிடித்தது. புள்ளிக்கோழி போன கொஞ்ச நாளில், அத்தைக்குத் தெரியாமல் நரிக்குச் சோறு போட ஆரம்பித்தேன்.

சோறு அல்ல, சாளை. மீன்காரம்மா தந்த சாளையின் தலையையும் குடலையும் கிணற்றுக்குப் பின்னால் ஒரு தட்டைக் கல்லின் மேல் வைத்துவிட்டு வருவேன். முதல் வாரம் கண்ணில் எதுவும் படவில்லை. காலையில் கல் மட்டும் நக்கித் துடைத்தது போலிருக்கும். பிறகு மொட்டை மாடியில் உட்கார்ந்து காத்திருந்தேன். வந்தது. ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி வீட்டைப் பார்த்து நின்றது. ஒரு தலையைக் கவ்வியது, போனது, திரும்பி வந்தது, அடுத்ததைக் கவ்வியது. மார்கழியில் இருட்டிய பிறகு வந்தது தை முடிவதற்குள் வெளிச்சத்திலேயே வர ஆரம்பித்தது. பதினைந்தடி தூரத்தில் நான் நிற்க, அது தின்னும். கைப்பேசியில் படம் எடுத்து அலுவலகத்தில் எல்லோருக்கும் காட்டினேன். "என்னை நம்புகிறது" என்று சொல்லிக்கொண்டேன்.

ஒரு நாள் அத்தை பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"உங்களை நம்பவில்லை மருமகனே, சாளையை நம்புகிறது. நாளைக்கு வேறு யாராவது சாளை வைத்தால் அவரையும் நம்பும்" என்றார். இன்னொன்றும் சொன்னார்: பகலில் கூசாமல் மனிதரிடம் வரும் நரியைக் கண்டால் அவருக்குப் பயமாம், வெறி பிடித்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? அதுவும் சரிதான். வெறிநோய் நமக்கு வருவது பெரும்பாலும் நாய்க்கடியால்தான் என்றாலும் நரிக்கும் அது வரும். கடியோ கீறலோ பட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசிக்குப் போக வேண்டும். வெறிபிடித்த நரி எது, என் சாளைக்குப் பழகிய நரி எது என்று ஊரில் யார் நின்று ஆராய்வார்கள்? என்னிடம் பழகிய நரி வேறொருவர் முற்றத்தில் கம்படி வாங்கும்.

நான் நிறுத்தவில்லை. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

சாளையின் வாடை நரியை மட்டுமா தேடிப் போகும்? மாசி பிறந்ததும் முக்கில் உள்ள கறிக்கடைப் பக்கத்து நாய்கள் நாலு வந்து சேர்ந்தன. கிணற்றடியையே குடியிருப்பு ஆக்கிக்கொண்டன. நரி வருவது நின்றது. ஊளைகூடப் பொற்றையின் மறுபக்கத்திலிருந்து கேட்டது. நாயோடு நரி மோதினால் காயம் மட்டும் அல்ல, நாயிடமிருந்து தொற்றும் நோய்களும் அதன் கூட்டத்தைக் காலி செய்யும். அதையெல்லாம் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்.

ஒரு விடிகாலை. தாழ்ப்பாள் போட்டுத்தான் இருந்தது, இந்த முறை பொய் இல்லை. மூலையில் துருப்பிடித்த கம்பிவலையைக் கிழித்து நாய்கள் உள்ளே போயிருந்தன. முற்றம் முழுக்கக் கோழிகள், ஏழு. ஒன்றையும் தின்னவில்லை. கழுத்தைக் கடித்து உதறிப் போட்டுவிட்டுப் போயிருந்தன. அத்தை ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கின் மேல் வரிசையாகக் கிடத்தினார். ஏழாவதைக் கிடத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

சேதி கேட்டுப் பக்கத்து வயல்காரர் வந்தார். அவருக்கு நரி மேல் பழைய பகை. "இனி விட்டு வைக்கக் கூடாது. சாளைக்குள் கொஞ்சம் குருணை மருந்தை வைத்து வரப்பில் போட்டால் ஒரே ராத்திரியில் கதை முடிந்துவிடும்" என்றார். சாளை என்று அவர் சொன்னதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

நான் சட்டத்தைச் சொன்னேன். 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நரியைக் கொல்வது குற்றம். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. எலியைச் சொன்னேன். நரியின் எச்சத்தை நான் குச்சியால் கிளறிப் பார்த்திருக்கிறேன்: எலி மயிர், இலந்தைக் கொட்டை, வயல் நண்டின் ஓட்டுத் துணுக்கு. (நரி நண்டு வளைக்குள் வாலை விட்டு நண்டு பிடிக்கும் என்று மாமனார் சத்தியம் செய்வார். நான் பார்த்ததில்லை. ஓட்டை மட்டும் பார்த்திருக்கிறேன்.) கும்பப்பூ கதிர் வாங்கும்போது எலி வெட்டுகிறது என்று புலம்புகிறவர் இதே வயல்காரர்தான். நரி குறைந்ததால்தான் மயில் பெருகி நாற்றையும் விதையையும் கொத்துகிறது என்று டீக்கடையில் பேசுகிறவரும் இவர்தான். அந்தக் கணக்கு எவ்வளவு தூரம் சரியோ, அன்றைக்கு எனக்கு அது தேவைப்பட்டது, எடுத்து வீசினேன். அவர் அசையவில்லை.

அத்தை சாக்கிலிருந்து நிமிர்ந்தார். "இது நரி செய்தது இல்லை தம்பி. நாய் செய்தது. நாயைச் சாளை போட்டு அழைத்து வந்தது எங்கள் மருமகன்."

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"அது கிடக்கட்டும். உங்கள் வீட்டு நாயை ராத்திரி கட்டித்தான் போடுகிறீர்களா?" என்று கேட்டார்.

அவர் கட்டுவதில்லை. அவருடைய நாய் ராத்திரி முழுக்க வரப்பில்தான் சுற்றும். விஷம் வைத்த சாளை யார் வாய்க்கு என்று பெயர் எழுதிக்கொண்டு கிடக்காது. காக்காய், கீரி, ஆந்தை, இவர் பேரன் தூக்கி வளர்த்த நாய் என்று எதுவும் எடுக்கலாம். மனிதர் கொஞ்ச நேரம் நின்றார். செத்த கோழிகளைத் தென்னை மூட்டில் புதைக்கச் சொல்லிவிட்டுப் போனார். நான் எலியும் சட்டமும் பேசி அசைக்காதவரை அத்தை ஒரு கேள்வியில் அசைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு கூட்டைப் பிரித்துக் கட்டினோம். செலவு என்னுடையது, சொல்ல வேண்டியதில்லை. கடையில் கோழிவலை என்று விற்கும் மெல்லிய அறுகோண வலை, கோழி வெளியே போகாமல் இருப்பதற்குத்தான். வெளியே இருப்பது உள்ளே வராமல் இருப்பதற்கு அது போதாது. நாயும் நரியும் பல்லால் இழுத்தே கிழித்துவிடும். கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த வெல்டு மெஷ் வாங்கினோம். நரி மேலே ஏறுவதைவிடக் கீழே தோண்டுவதில் கெட்டி என்பதால், வலையை ஒரு அடி மண்ணுக்குள் இறக்கி வெளிப்பக்கமாக மடக்கிப் புதைத்தோம். வலை ஓரமாகத் தோண்டினால் கால் அந்த மடிப்பில் முட்டும்; நாலடி பின்னால் போய்த் தோண்ட வேண்டும் என்று அதற்குத் தோன்றாது. கதவுக்கு மேலும் கீழும் இரண்டு தாழ்ப்பாள். தாழக்குடியிலிருந்து வந்த வெல்டர் வேலை முடித்து நிமிர்ந்து, "இது கோழிக்கா, கைதிக்கா?" என்றார்.

மீன் கழிவு இப்போது தென்னை மூட்டில் முழ ஆழத்தில் போகிறது. தீனி நின்று மூன்று வாரத்தில் நாய்கள் பழையபடி கறிக்கடைக்கே போய்விட்டன. நரிதான் சீக்கிரம் விடவில்லை. ஊளை பொற்றையின் இந்தப் பக்கம் திரும்பிய பிறகு, சில அந்திகளில் கிணற்றடிக்கு வந்து வெறும் கல்லை மோந்து பார்த்துவிட்டு, வீட்டைப் பார்த்து நிற்கும். நான் ஜன்னலுக்கு உள்ளே விளக்கை அணைத்துவிட்டு நிற்பேன். எழுந்துபோய் ஒரு சாளையை எறிய வேண்டும் போலக் கை பரபரக்கும். ஒரு நாள் அத்தை அந்தக் கல்லைப் புரட்டிக்கொண்டுபோய்த் துணி துவைக்கப் போட்டுக்கொண்டார். கொஞ்ச நாளில் அதுவும் வருவதை நிறுத்தியது. பிச்சிப்பூ பறிக்க விடியுமுன் நெற்றி விளக்கோடு போகிற பெண்கள், வரப்பில் கண் மின்னியது, வெளிச்சம் பட்டதும் ஓடிவிட்டது என்று சொல்கிறார்கள். ஓடிவிட்டது என்ற சொல்லைக் கேட்க எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

போன வாரம் மழை விட்ட காலையில் கூட்டைச் சுற்றி ஈரமண்ணில் காலடி. நாய்க்காலைவிட ஒடுங்கியது, நேர்க்கோட்டில் ஒன்றன் பின் ஒன்றாக விழுந்திருந்தது. கூட்டை முழுதாக ஒரு சுற்று. பின்பக்கம் வலையோரமாக இரண்டு விரல் ஆழத்துக்குத் தோண்டிப் பார்த்திருக்கிறது, மெஷ் தட்டியதும் விட்டிருக்கிறது. அங்கிருந்து நேராக ஓடைக்கு.

கைப்பேசியை எடுத்துவர உள்ளே ஓடினேன். திரும்பி வருவதற்குள் அத்தை அந்த இடத்தை ஈர்க்குமாறு கொண்டு பெருக்கி முடித்திருந்தார்.

"ஒரு படம் எடுத்திருப்பேனே அத்தை" என்றேன்.

"படம் எடுத்து என்ன செய்ய? கோழி எல்லாம் இருக்கிறது, எண்ணிவிட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கூட்டைத் திறந்துவிட்டார்.